கேட்பவர் வெளியே போன பிறகு

பெருமாநல்லூர்ப் பக்கம் நான் கடைசியாக வேலை பார்த்த கிளை நூலகத்தில் இப்போது கார்த்திகா என்ற இளம்பெண் நூலகராக இருக்கிறார். போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. பனியன் கம்பெனிகளின் பெண்கள் விடுதிக்குப் புத்தகப் பெட்டி அனுப்பும் வேலையை மறுபடி தொடங்கச் சொல்லி மேலிடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்களாம்.

"உங்க காலத்துல அனுப்பிட்டுத்தானுங்க மேடம் இருந்தீங்க. கோப்புல பாத்தா 'நிர்வாகக் காரணங்களால் நிறுத்தப்பட்டது'ன்னு ஒத்த வரிதானுங்க இருக்குது. என்ன காரணமுங்க?" என்று கேட்டார்.

போனில் சொல்லி முடிகிற காரணம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் அத்தாவுக்குத் திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் மொத்தக் கடை. வடநாட்டு வியாபாரிகள் வந்து உட்காரும் கடையில் பெண்பிள்ளைக்கு வேலை இல்லை என்பதால், நான் கடைக்குப் பின்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்து படித்தேன். பிறகு நூலக அறிவியலில் சான்றிதழ் வாங்கி, ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று குண்டடம் வரைக்கும் போய்விட்டு, கடைசியில் இந்தக் கிளைக்கு வந்தேன். புத்தகத்துக்கு எண் கொடுப்பதும் அலமாரியில் சேர்ப்பதும் எல்லோரும் கற்றுக்கொள்ளும் வேலை. எனக்கு முதலில் பயிற்சி கொடுத்த நூலகர் அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொன்னார். ஒருவர் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்று இன்னொருவர் கேட்டால் சொல்லக்கூடாது. கேட்பவர் அவருடைய கணவராக இருந்தாலும் சரி. அதை நான் பணிக்காலம் முழுக்கக் கடைப்பிடித்தேன். அது ஒன்றும் பெரிய கொள்கை அல்ல. பல் விளக்குவது போலப் பழகிப்போனது, அவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்த மாவட்ட நூலக அலுவலரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒல்லியான மனிதர். ஆய்வுக்கு வந்தால் கணக்கைப் பார்க்க மாட்டார். நேராக அலமாரிக்குப் போய், கண்ணில் பட்ட புத்தகத்தை உருவி, பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்ப்பார். நிறைய முத்திரை இருந்தால் புத்தகத்தைத் தட்டிக் கொடுப்பது போலத் திரும்ப வைப்பார். ஒன்றுமே இல்லாவிட்டால், "இவுரு பாவமுங்க" என்பார். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அவர் ஒன்றை மறுத்தால், மறுத்தார் என்பது நாம் பஸ் ஏறிய பிறகுதான் உறைக்கும். அவ்வளவு மரியாதை.

பெட்டித் திட்டம் அவருடைய யோசனை. விடுதிப் பெண்கள் நூலகத்துக்கு வர முடியாது, ஆகவே புத்தகம் அவர்களிடம் போகட்டும் என்றார். எங்கள் கிளைக்கு ஒரு விடுதி ஒதுக்கப்பட்டது. தகரப் பெட்டியில் சிறுகதை, நாவல், கோலம், சமையல், பக்தி, எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்குப் பெரிய எழுத்துக் கதைகள் என்று கலந்து அடுக்குவேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடுதி வேன் வரும். பழைய பெட்டியை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றிக்கொண்டு போகும். வேனோடு விடுதி வார்டன் வருவார். அவர்தான் ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம். பதினேழு வயதில் அதே விடுதிக்கு வேலைக்கு வந்தவர். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து, பிறகு ஒரு லைனுக்கு மேற்பார்வையாளராகி, கடைசியில் வார்டன் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெற்றியில் ஒன்றும் வைக்காத, எப்போதும் தலை படிய வாரிய பெண்மணி. பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் பெண்களிடம் கொடுப்பதற்கு முன் அவர் படித்துவிடுவார். அது அவருடைய வேலை.

"காதல் வந்தா பரவால்ல மேடம். ஓடிப்போறது வந்தா மேனேஜர் சார் வேண்டாம்னு சொல்லிருக்காங்க" என்று முதல் முறையே தெளிவாகச் சொன்னார்.

அந்த விடுதியைப் பற்றி யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. யாரையும் அடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கும், கழிப்பறை சுத்தமாக இருக்கும், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். செல்போன்கள் மட்டும் வார்டன் அறை அலமாரியில் இருக்கும். வீட்டுக்குப் பேசும்போது வார்டன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை வெளியே போனால் எல்லோரும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் வர வேண்டும். தினமும் காலையில் டீ குடித்து முடித்ததும் மேனேஜர் ஸ்டெல்லாவைக் கூப்பிடுவார். "நேத்து புள்ளைங்க என்ன பேசிக்கிட்டாங்க?" என்று கேட்பார். ஸ்டெல்லா சொல்வார். யார் ஊருக்குப் போக ஆசைப்படுகிறாள், யார் பக்கத்துக் கம்பெனியில் சம்பளம் அதிகம் என்றாள், யார் அழுதாள். மேனேஜர் கேட்டுக்கொள்வார். பெரும்பாலும் ஒன்றும் செய்ய மாட்டார். "சரிங்க, போய் வேலையப் பாருங்க" என்பார். இதையெல்லாம் ஸ்டெல்லாவே எனக்குச் சொன்னார், சமையல் குறிப்பு சொல்வதைப் போல.

ஒருமுறை பெட்டியில் ஒரு நாவல் போனது. வெளிநாட்டு மொழி ஒன்றிலிருந்து தமிழுக்கு வந்தது. நான் வேண்டுமென்று அதை வைக்கவில்லை. அது தடிமனாக இருந்தது, பெட்டியின் மூலையில் பொருந்தியது.

கதை இதுதான். பெயர் சொல்லப்படாத ஒரு நாடு. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடிக்கு ஒரு கேட்பவரை அரசாங்கம் வைத்திருக்கிறது. இரவு உணவு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து அவர் முன் உட்கார்ந்து, அன்று பகலில் என்ன நினைத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். கேட்பவர் எதையும் எழுதிக்கொள்வதில்லை, யாரையும் திட்டுவதில்லை. "சரி, போய்த் தூங்குங்கள்" என்பார். வருடங்கள் போகப் போக, ராத்திரி சொல்லக்கூடியதை மட்டும் பகலில் நினைக்க மக்கள் பழகிவிடுகிறார்கள். கதாநாயகன் அப்படிப்பட்ட ஒரு கேட்பவன். பிறகு ஆட்சி மாறுகிறது, கேட்பவர்களுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அன்று ராத்திரி அவன் கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால், மாடியில் இருக்கும் அத்தனை பேரும் வரிசையில் நிற்கிறார்கள். இனி சொல்ல வேண்டாம் என்கிறான். யாரும் நகரவில்லை.

அந்தப் பெட்டி திரும்பி வந்தபோது இந்த நாவல் மட்டும் அதில் இல்லை. ஸ்டெல்லா கைப்பையிலிருந்து எடுத்தார்.

"இது பிள்ளைகளுக்கு வேண்டாம் மேடம்."

"ஓடிப்போறாங்களா?"

"அதெல்லாம் இல்ல. யாரும் எங்கயும் போகல." கொஞ்ச நேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் இன்னொரு பதினஞ்சு நாள் வச்சுக்கிடட்டுமா?"

தேதி போட்டுக் கொடுத்தேன். அடுத்த முறையும் நீட்டிக்கச் சொன்னார். அதற்கடுத்த முறை, வேன் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தபோது, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அவன் நல்லவன்தான மேடம்? ஒருத்தரையும் அடிக்கல. காட்டிக் குடுக்கவும் இல்ல. கேக்க மட்டுந்தான் செஞ்சான்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "அந்த வரிசை இருக்குல்லா, அது எழுதினவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லுதார்னு நெனைக்கேன். கேக்கவன் போயிட்டா ஜனங்க வாயத் திறக்கத்தான் செய்வாங்க. எங்க பிள்ளைகளையே எடுத்துக்கிடுங்க. நான் இருந்தா ஒரு மாதிரி இருக்காங்க. நான் இல்லன்னா அதுக பாட்டுக்குக் கலகலன்னு பேசுங்க."

"நீங்க இல்லாதப்ப எப்படிப் பேசுறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். வம்புக்குக் கேட்கவில்லை. சும்மா வாயில் வந்தது.

ஸ்டெல்லா எழுந்து போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த பெட்டி வருவதற்குள் போன் செய்தார். எங்கள் வாசகர் வட்டக் கூட்டம் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும். அதற்குப் பெண்களைக் கூட்டிவர மேனேஜரிடம் அனுமதி வாங்கிவிட்டதாகச் சொன்னார். "நான் வெளிய வேன்ல இருந்துக்கிடுதேன் மேடம். நீங்க கதவச் சாத்திட்டு அதுககிட்டப் பேசுங்க."

அந்த ஞாயிறு இருபது பெண்கள் போல வந்தார்கள். வழக்கமாக வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவரும் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. பாய் விரித்து உட்கார வைத்தேன். தொடக்கத்தில் ஸ்டெல்லாவும் ஒரு நாற்காலியில் இருந்தார். பெட்டியில் வந்த புத்தகங்களில் எது பிடித்தது என்று கேட்டேன். ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று, ஸ்டெல்லாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லா இருந்துச்சு மேடம், நல்ல கருத்து" என்று சொல்லி உட்கார்ந்தாள். கோலப் புத்தகத்தைப் படித்தவளும் நல்ல கருத்து என்றாள்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வெளியே போனார். கதவைச் சாத்தினேன். வேன் கதவு மூடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"புத்தகத்த விடுங்க. திருப்பூர்ல உங்களுக்குப் பிடிக்காதது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. தண்ணியா இருக்கட்டும், வெயிலா இருக்கட்டும், இட்லியா இருக்கட்டும். என்னன்னாலும் சரி."

முன்வரிசையில் இருந்த ஒருத்தி, "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். சொல்லும்போது அவர்கள் கண் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் போனது. நான் அந்த நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தேன். கண் அது முன்பிருந்த இடத்துக்கே போனது. பயந்து நடுங்கினார்கள் என்று எழுதினால் அது பொய். சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். கேட்ட கேள்விக்கு உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் பாண்டியம்மா என்ற பெண் கை தூக்கினாள். சிவகங்கைப் பக்கத்துப் பெண், விடுதிக்கு வந்து நான்கைந்து வருடம் ஆனவள்.

"நாங்க சொல்றத நீங்க வார்டன்கிட்டச் சொல்லுவீங்களா மேடம்?"

"சொல்ல மாட்டேன்."

"மேனேஜர்கிட்ட?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் குழம்பிப் போனாள். "அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள்.

எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்தேன். அவர்கள் கிளம்பியபோது நானும் வேன் வரை போனேன். ஸ்டெல்லா இறங்கி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"என்னன்னு வேண்டாம் மேடம். ஏதாவது சொன்னாங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பெண்கள் வரிசையாக வேனில் ஏறினார்கள். யாரும் ஏறச் சொல்லவில்லை, வரிசையில் நிற்கவும் சொல்லவில்லை. ஸ்டெல்லா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

மறுநாள் காலையிலிருந்து மேனேஜர் கேட்டபோதெல்லாம் ஸ்டெல்லா, "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்ல ஆரம்பித்தார். இதை எனக்கு அவர் அடுத்த பெட்டியோடு வந்தபோது சொன்னார். முகம் வற்றியிருந்தது.

"முதல் நாள் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கிட்டு மேடம். அது பழகிட்டு. ஆனா உள்ள ஒண்ணு நிக்கவே மாட்டேங்கு. பிள்ளைக பேசுதது காதுல விழுந்தா, இத காலைல முதல்ல சொல்லணும், அத ரெண்டாவது சொல்லணும்னு மனசு அது பாட்டுக்கு அடுக்குது. சொல்லப்போறதில்லன்னு எனக்கே தெரியும். இருந்தும் அடுக்குது. நேத்து சர்ச்சுல ஜெபம் பண்ணும்போதுகூட அடுக்குது."

மேனேஜர் சில வாரம் பொறுத்திருக்கிறார். அதற்குள் பாண்டியம்மாவும் அவளுடைய கூட்டாளி ஒருத்தியும், சொந்தமாக அறை எடுத்துத் தங்க விடுகிற வேறு கம்பெனிக்குப் போகத் திட்டம் போட்டார்கள். குளியலறைப் பக்கம் நின்று அவர்கள் பேசியது ஸ்டெல்லா காதில் விழுந்தது. காலையில் மேனேஜர் கேட்டார். ஒண்ணுமில்ல சார் என்றார் ஸ்டெல்லா. அடுத்த ஞாயிறு கடைவீதியில் இறங்கிய அந்த இரண்டு பேரும் வேனுக்குத் திரும்பவில்லை.

மேனேஜர் நேராக ஸ்டெல்லாவிடம், இது முன்னாலேயே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் ஸ்டெல்லா. பொய் சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். ஏன் பொய் சொல்லவில்லை என்று பிறகு நான் கேட்டதற்கு, "அந்த நேரத்துல பொய் ஞாபகத்துக்கு வரல மேடம்" என்றார். அவருடைய அறையைச் சோதித்தபோது மேஜை மேல் நூலக முத்திரையோடு அந்த நாவல் கிடந்திருக்கிறது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் என்னிடம் வந்தார். வெள்ளைச் சட்டை, சாந்தமான குரல். உட்காரச் சொல்லும்வரை நின்றார்.

"ஏனுங்க மேடம், புள்ளைங்களுக்குப் புத்தகம் குடுக்கறது நல்ல காரியந்தானுங்க. நாங்க வேண்டாம்னா சொன்னோமுங்க? இந்தப் புத்தகத்த எந்தெந்தப் புள்ளைங்க படிச்சாங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதுமுங்க."

"அத நாங்க சொல்றதில்லீங்க."

"எம் புள்ளைங்க மாதிரிங்க அவங்கெல்லாம். அப்பனுக்குத் தெரியக்கூடாதுங்களா?"

"அப்பா கேட்டாலும் சொல்றதில்லீங்க."

அவர் கோபப்படவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, புத்தகத்தை மேஜையில் வைத்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் மாவட்ட நூலக அலுவலர் எங்கள் கிளைக்கு வந்தார்.

அன்று அவர் அலமாரிப் பக்கம் போகவில்லை. "அந்தப் புத்தகத்தக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு, நாளிதழ் படிக்கிற மேஜையில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு எழுந்து போய் வந்து மறுபடி உட்கார்ந்தார். பேப்பர் படிக்க வந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. ஒருவர் அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார், தள்ளி உட்கார்ந்தார். சாயங்காலம் நூலகம் மூடும் நேரத்தில் என் மேஜைக்கு வந்தார்.

"அருமையான நாவலுங்க. இத எடுத்துரச் சொல்லி யாரும் எழுத்துல கேக்கலீங்க. அதனால நானும் எதுவும் எழுத வேண்டியதில்ல பாருங்க. புத்தகம் இங்கயே இருக்கட்டுமுங்க."

நான் நன்றி சொன்னேன்.

"பெட்டிய மட்டும் நிறுத்திக்கலாமுங்க. கம்பெனிக்காரங்க விருப்பமில்லாம நாம அவங்க கேட்டுக்குள்ள போக முடியாதில்லீங்களா? நிர்வாகக் காரணம்னு போட்டுக்குங்க. படிக்க இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்குது, இத எம் பேர்ல எடுத்துக்கறேனுங்க."

தேதி போட்டுக் கொடுத்தேன். கெடு முடிவதற்கு முன்பே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் எங்களைக் காப்பாற்றினாரா, கைவிட்டாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்யத் தெரிந்தவர் என்றுதான் கடைசியில் தோன்றியது. கார்த்திகா கேட்ட அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

ஸ்டெல்லாவை அந்த மாதமே அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. பெருமாநல்லூரில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு அறை எடுத்து, சின்ன யூனிட் ஒன்றில் மறுபடி ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தார். பாண்டியம்மாவை ஒருநாள் பஸ்ஸில் பார்த்தாராம். அவள் எழுந்து இடம் கொடுத்தாளாம், ஆனால் இறங்கும்வரை ஒன்றும் பேசவில்லையாம். "அவள நான் எப்படிக் குத்தம் சொல்ல முடியும் மேடம்" என்றார்.

நூலகத்தில் தன் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்கினார். முதல் நாள் அலமாரிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"எத எடுக்கட்டும் மேடம்?"

"உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"அதுதான் தெரியல. இத்தன வருசமா பிள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதான்னுதான் படிச்சேன். எனக்குப் பிடிக்குதான்னு பாத்துப் படிச்சதில்ல."

நான் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அது என் வேலையும்கூட. ஏனோ அன்று கொடுக்கவில்லை. அவர் நாவல் பகுதியில் முதல் அலமாரியின் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அதற்கு அடுத்தது. அப்படியே வரிசையாகப் பல மாதங்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் கதையை முழுதாக, ஒழுங்காக, யார் என்ன பேசினார்கள் என்பதோடு ஒப்பித்துவிடுவார். கேட்டு முடித்ததும் எனக்கு "சரிங்க" என்று சொல்லத் தோன்றும். சில வாரங்களில் நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

வரிசை என் மனதுக்கு மிகவும் நெருக்கமான ஒரு குடும்ப நாவலுக்கு வந்தது. பல பேருக்கு நானே வலியக் கொடுத்த புத்தகம் அது. ஸ்டெல்லா அதை எடுத்துப்போன மூன்றாம் நாளே திரும்ப வந்தார். புத்தகத்தை மேஜை மேல் வைத்தார்.

"பாதியில நிறுத்திட்டேன் மேடம். பிடிக்கல."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "ஏங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"காரணம் சொல்லணுமா மேடம்?"

"வேண்டாம்" என்றேன்.

முத்திரை குத்தி அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, வரிசையில் அடுத்த புத்தகத்தை விட்டுவிட்டு, இரண்டு அலமாரியைத் தாண்டி, மூன்றாவதன் முன்னால் போய் நின்றார்.